தண்டின் கடைவீதியில் மூன்று கணக்குகள்

பெங்களூரின் கிழக்குப் பகுதியில், அல்சூர் ஏரிக்கு வடக்கே, பிரேஸர் டவுனையும் குக் டவுனையும் அண்டையாகக் கொண்டு விளங்கும் காக்ஸ் டவுனின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், பெரும்பாலும் பங்களாக்களையும் மாதாகோயில்களையும் ஆங்கில அதிகாரிகளின் பெயர்களையும் விவரித்துவிட்டு, அங்கே தலைமுறை தலைமுறையாகத் தராசு பிடித்தவர்களையும் பேரேடு எழுதியவர்களையும் மறந்துவிடுகின்றனர். ஓர் ஊரார் தம்முள் பொருளைப் பகிர்ந்துகொண்ட முறையும் அவ்வூரின் சரித்திரமே என்பது என் துணிபு. அம்முறையின் அடியில் இருப்பவை எண்கள். அவ்வெண்களின் அடியில் இருப்பவை, வேறெதனாலும் வகுபடாத பகா எண்கள். இந்தச் சிறு கட்டுரை அவற்றைப் பற்றியது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் நோய் மிகுந்த சூழலினின்றும் ஆங்கிலப் படை 1809ஆம் ஆண்டில் பெங்களூருக்கு மாற்றப்பட்டபோது, படைக்கு அரிசியும் துணியும் விறகும் கொண்டுவந்து தந்தவர்களாகவும், கட்டட வேலைக்காரர்களாகவும், தோட்டக்காரர், சமையற்காரர், கணக்குப் பிள்ளைகளாகவும், ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களினின்றும் சென்னைப் பட்டணத்தினின்றும் தமிழ் மக்கள் திரளாக வந்து குடியேறினர். படையிருப்பைக் கன்னடியரும் தமிழரும் ஒருங்கே 'தண்டு' என்றழைத்தனர். 1864இல் ஜோலார்பேட்டையிலிருந்து தண்டுவரை இரும்புப்பாதை வந்தது, குடியேற்றம் பெருகிற்று. 1881இல் மைசூர் ராஜ்யம் உடையார் வம்சத்துக்குத் திருப்பி அளிக்கப்பட்டபோது தண்டு மட்டும் ஆங்கிலேயர் கையிலேயே நிறுத்திக்கொள்ளப்பட்டது. 1947 வரையில் அந்நிலையே நீடித்தது. 1898இல் பிளேக் நோய் நெருக்கமான தெருக்களைச் சூறையாடிய பின்னர், காற்றோட்டமுள்ள அகன்ற வீதிகளோடு புதுக் குடியிருப்புகளை வகுக்கவேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டு, தண்டின் வடகிழக்கில் அடுத்தடுத்து எழுந்த 'டவுன்'களில் ஒன்றே காக்ஸ் டவுன்.

இங்ஙனம் வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளோடு தம் கணக்கையும் கொண்டுவந்தனர். அக்கணக்கு யாது? தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடி என்னும் வாய்பாட்டு நூலை நெட்டுருப் போட்டனர். ஒன்றுக்கு மேற்பட்ட முழு எண்கள் மேல்வாய் இலக்கம். ஒன்றுக்குக் கீழ்ப்பட்ட பின்னங்கள் கீழ்வாய் இலக்கம். அரை, கால், அரைக்கால் என்று பாதியாகப் பாதியாக இறங்கி மாகாணி அல்லது வீசம் என்னும் பதினாறில் ஒன்றை அடைவது ஒரு வழி. நாலுமா என்னும் ஐந்தில் ஒன்று, இருமா என்னும் பத்தில் ஒன்று, ஒருமா என்னும் இருபதில் ஒன்று என்று இறங்கி, எண்பதில் ஒன்றாகிய காணியை அடைவது மற்றொரு வழி. இவ்விரு வழிகளும் சேருமிடமே முந்திரி. அது முந்நூற்றிருபதில் ஒன்று. நெல்லாயினும் பொன்னாயினும் நிலமாயினும், ஒன்று எனக் கொண்ட எதுவும் 320 முந்திரி என்பது இக்கணக்கின் அஸ்திவாரம். தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்தில் வெட்டப்பட்ட சாஸனங்களில் நிலங்கள் வேலி, மா, காணி, முந்திரிகை என்றும், அதற்கும் கீழ்ப்பட்ட கூறுகளாகவும் குறிக்கப்பட்டிருத்தலால், இது ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்ட வழக்கென்பது ஐயத்துக்கு இடமின்றி விளங்கும்.

ஏன் 320? முன்னோர் 300 என்றோ 400 என்றோ கொள்ளாது இவ்வெண்ணைக் கொண்டதன் காரணம், அதனைப் பகா எண்களாகப் பகுத்துப் பார்ப்பார்க்கு உடனே புலப்படும். 320ஐ இரண்டால் வகுத்துக்கொண்டே செல்க: 160, 80, 40, 20, 10, 5. ஆறு முறை இரண்டும் ஒரு முறை ஐந்தும் பெருகி உண்டான எண் அது. இரண்டு என்பது பாதி செய்யும் வழிக்கு உரியது. ஐந்து என்பது கைவிரலால் எண்ணும் வழிக்கு உரியது. மாகாணியின் 16 நான்கு இரண்டுகளால் ஆனது. மாவின் 20 இரண்டு இரண்டுகளாலும் ஓர் ஐந்தாலும் ஆனது. இரண்டையும் ஒரே இனமாக்கிக் கூட்டுவதற்கு இவ்விரு எண்களாலும் வகுபடும் எண்களுள் மிகச் சிறியது வேண்டும். ஒவ்வொரு பகா எண்ணும் எங்கே அதிகமாக வந்திருக்கிறதோ அங்கிருந்து அதனை எடுத்துக்கொண்டால், நான்கு இரண்டுகளும் ஓர் ஐந்துமாகி 80 கிடைக்கும். இதுவே காணி. ஒரு மாவும் ஒரு காணியும் கூடினால் எண்பதில் ஐந்து, அதாவது மாகாணி ஆகும் என்பதும் இதனால் வெளிப்படும்.

ஆனால் கூட்டலுக்கு 80 போதுமெனில், 320 வரையில் இறங்கவேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். கேட்கத்தக்க கேள்வியே. வணிகனும் நிலக்கணக்கனும் பின்னத்தைப் பின்னத்தோடு கூட்டுவதோடு நில்லாது பெருக்கவும் கடமைப்பட்டவர்கள். ஒரு மா நிலத்தில் மாகாணிப் பங்கு எவ்வளவு என்ற கேள்வி வந்தால் 16ஐயும் 20ஐயும் பெருக்கியே ஆகவேண்டும், அப்பெருக்கம் 320. கூட்டலுக்கு மீச்சிறு பொது மடங்காகிய காணியும் பெருக்கலுக்கு முழுப் பெருக்கமாகிய முந்திரியும் என, இரண்டுக்கும் இரண்டு அலகுகளைப் பெயரிட்டு வைத்திருந்த அமைப்பை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு நீங்குவதில்லை. மேலும், 320ஐ மீதமின்றி வகுக்கும் எண்கள் 14. அந்தப் பதினான்கில் 1 என்ற எண்ணை நீக்கி மற்றவற்றால் ஒரு பொருளைப் பங்கிட்டால் வரும் கூறுகள் அரை, கால், நாலுமா, அரைக்கால், இருமா, மாகாணி, ஒருமா, அரைவீசம், அரைமா, கால்வீசம், காணி, அரைக்காணி, முந்திரி என ஒவ்வொன்றும் தனக்கென ஒரு பெயர் பெற்றிருக்கின்றன. ஒரு காரணியும் அநாதையாக விடப்படவில்லை.

அளவைகளும் இவ்வெண்ணையே தழுவி நின்றன. சென்னைக் கடைவீதிகளில் 40 பலம் ஒரு வீசை, 8 வீசை ஒரு மணங்கு. ஆகவே ஒரு மணங்கு 320 பலம். 8 ஆழாக்கு ஒரு படி, 8 படி ஒரு மரக்கால், 5 மரக்கால் ஒரு பறை. ஆகவே ஒரு பறை 320 ஆழாக்கு. மணங்கில் ஒரு முந்திரி பலம். பறையில் ஒரு முந்திரி ஆழாக்கு. எண்சுவடி கற்ற பிள்ளை கடையில் உட்கார்ந்த முதல் நாளே விலை சொல்ல முடிந்தமைக்கு இந்தப் பொருத்தமே காரணமாயிருக்கவேண்டும். நெல்லளக்கும் கலம் ஒன்று மட்டும் இவ்வரிசையினின்று விலகி, 12 மரக்கால் கொண்டதாய், மூன்று என்னும் பகா எண்ணைத் தன்னுள் வைத்திருந்தது. மூவர் பங்கிட்டுக்கொள்ளும் களத்துமேட்டில் அதற்கு உபயோகம் இருந்திருக்கும்.

தண்டிலோ அரசாங்கத்தின் நாணயம் வேறு வழியில் வகுக்கப்பட்டிருந்தது. 1835ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின்படி கம்பெனி ஆட்சி முழுவதற்கும் ஒரே நிறையுள்ள வெள்ளி ரூபாய் ஏற்பட்டது. அது 16 அணா. ஓர் அணா 12 பை. ஜனங்கள் பையைத் தம்பிடி என்றும் வழங்கினர். ஆக ஒரு ரூபாய் 192 பை. இவ்வெண்ணையும் பகுத்துப் பார்ப்போம்: ஆறு முறை இரண்டு, ஒரு முறை மூன்று. முந்திரிக் கணக்கில் ஐந்து இருந்த ஸ்தானத்தில் இங்கே மூன்று வந்தமர்ந்திருக்கிறது. வேறு எவ்வித பேதமும் இல்லை. வகுக்கும் எண்களின் தொகையும் அதே 14 தான். ஆயினும் அந்த ஒரு பகா எண்ணின் மாற்றத்தால் கடைவீதியின் நடைமுறை எவ்வளவு மாறியது பாருங்கள். ஒரு ரூபாயை ஐவர் பங்கிட்டால் முந்திரிக் கணக்கில் தலைக்கு 64 முந்திரி, அதாவது நாலுமா. சில்லறை கொடுக்கப் புகுந்தால் மூன்றணா இரண்டு பையும் ஒரு பையில் ஐந்தில் இரண்டு பங்கும் ஆகி, எவராலும் கொடுக்கமுடியாத தொகையாய் நிற்கும். மூவர் பங்கிட்டால், நாணயத்தில் தலைக்கு 64 பை, அதாவது ஐந்தணா நாலு பை. முந்திரியில் எழுதப் புகுந்தால் 106க்கு மேல் மூன்றில் இரண்டு பங்கு மீதமாய்த் தொங்கும்.

இரண்டு கணக்குகளையும் ஒரே பேரேட்டில் வைத்துக்கொள்ள விரும்புவோன் செய்யவேண்டுவன இரண்டு. இரண்டுக்கும் பொதுவாய் அமைந்த பகா எண்களை மாத்திரம் எடுத்துப் பெருக்கினால் வருவது மீப்பெரு பொதுக் காரணி: ஆறு இரண்டுகள், அதாவது 64. ரூபாயில் 64இல் ஒன்று காலணா, அது மூன்று பை, அதுவே கால்வீசம், அதுவே ஐந்து முந்திரி. காலணாவுக்குக் குறையாமல் கணக்கு நிற்கும்வரை அரசாங்கக் கணக்கும் ஆர்க்காட்டுக் கணக்கும் ஒரு மயிரிழையும் பிசகாமல் ஒத்துப்போகும் என்பதே இந்த 64 சொல்லும் செய்தி. இரண்டிலும் உள்ள பகா எண்கள் எல்லாவற்றையும், எது எங்கே மிகுதியோ அங்கிருந்து எடுத்துப் பெருக்கினால் வருவது மீச்சிறு பொது மடங்கு: ஆறு இரண்டுகள், ஒரு மூன்று, ஓர் ஐந்து, அதாவது 960. ரூபாயை 960 கூறாக்கினால் ஒரு பை ஐந்து கூறு, ஒரு முந்திரி மூன்று கூறு. இரண்டும் பின்னமின்றி நிற்கும். 64ஐ 960ஆல் பெருக்கினாலும் 192ஐ 320ஆல் பெருக்கினாலும் 61,440 என்ற ஒரே விடை வருதலைக் கண்டு கணக்கைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

960 என்ற இவ்வெண் ஏட்டோடு நிற்கவில்லை. ஒரு பலம் மூன்று தோலா நிறை. தோலாவோ ஒரு வெள்ளி ரூபாயின் நிறை. எனவே 320 பலம் கொண்ட மணங்கு சரியாக 960 ரூபாய் எடை. மைசூர்ச் சீமையில் 24 ரூபாய் எடை கொண்ட கச்சா சேர் நாற்பது ஒரு மணங்கு. அதுவும் 960 ரூபாய் எடையே. ஆதலால் பழைய நகரமாகிய பேட்டையிலிருந்து வரும் கன்னட வியாபாரிக்கும் தண்டில் கடை வைத்த தமிழ் வியாபாரிக்கும் மணங்கில் தகராறு எழ நியாயமில்லை. தகராறு எழக்கூடிய இடம் ரயில்வே கிடங்கு. வங்காளத்தில் 1833இல் நிலைநாட்டப்பட்ட மணங்கு, 80 தோலாச் சேர் நாற்பது கொண்டதாய், 3,200 தோலா நிறையுள்ளது. இருப்புப்பாதைக் கூலி அந்த மணங்கிலேயே கணக்கிடப்பட்டது. 960க்கும் 3,200க்கும் பொதுக் காரணி காண்போம். 960 என்பது ஆறு இரண்டுகள், ஒரு மூன்று, ஓர் ஐந்து. 3,200 என்பது ஏழு இரண்டுகள், இரண்டு ஐந்துகள். பொதுவானவை ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்தும். அவற்றின் பெருக்கம் மீண்டும் நம் முந்திரி எண்ணாகிய 320! அதனால் முதலதை வகுக்க மூன்றும், இரண்டாவதை வகுக்கப் பத்தும் வரும். கடைவீதியின் பத்து மணங்கு ரயிலின் மூன்று மணங்கு. இத்தனை எளிய விகிதம் வேறு வேறு ராஜ்யங்களில் வேறு வேறு காலத்தில் பிறந்த இரு அளவைகளுக்கிடையே அமைந்திருப்பது, தோலா என்னும் பொது அடிநிறையின் பயனாகும்.

இன்னுமொரு துறையிலும் பகா எண்களின் ஆட்சியைக் காணலாம். பங்களாக்களில் வேலை பார்த்தவர்க்கு மாதச் சம்பளம். நடுமாதத்தில் ஒருவன் வேலையை விட்டு நின்றால் நாட்கூலி எவ்வளவு என்று கணக்கிடவேண்டும். மாதம் 30 நாள். முப்பதில் இரண்டு, மூன்று, ஐந்து ஆகிய மூன்று பகா எண்களும் உள்ளன. ரூபாயின் 192இல் ஐந்து இல்லை. ஆகவே ஆறு ரூபாயோ ஏழு ரூபாயோ சம்பளமாயின் நாட்கூலி முழுப் பையில் நிற்காது. ஒவ்வொரு நாளும் ஏதோ ஒரு துளி யஜமானன் பக்கமோ வேலைக்காரன் பக்கமோ சாய்ந்தே தீரும். ஐந்து ரூபாயாயின் 960 பை. முப்பதால் வகுக்க 32 பை, அதாவது இரண்டணா எட்டுப் பை. பத்து ரூபாயாயின் ஐந்தணா நாலு பை. சம்பளமே அந்த ஐந்தைக் கொண்டுவந்து கொடுத்தாலன்றிக் கணக்குத் தீராது. ஏழையின் ஒரு பை பெரிதாயிருந்த காலத்தில் இது அற்ப விஷயமன்று.

பொதுக் காரணியும் பொது மடங்கும் காணும் இக்கணக்கை வகுத்த சாஸ்திரம் எங்கே பிறந்தது என்று தேடுவோர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. கிரேக்கராகிய யூக்ளிட் தம் நூலின் ஏழாம் பகுதியில் பகா எண்களையும் பொது அளவையும் ஆராய்ந்தார் என்பது உண்மை. ஆரியபடர் கி.பி. 499இல் இயற்றிய நூலில் கூறும் குட்டக முறையிலும், பெரியதைச் சிறியதால் வகுத்து மீதத்தால் மீண்டும் வகுத்துச் செல்லும் வழி உள்ளது. 320ஐ 192ஆல் வகுக்க மீதம் 128, 192ஐ 128ஆல் வகுக்க மீதம் 64, அது 128ஐச் சரியாக வகுத்துவிடும் என்று இரண்டே அடியில் 64ஐ அவ்வழியே பெறலாம். ஆயினும் பின்னங்களைக் கூட்டுதற்கு மீச்சிறு பொது மடங்கு ஒன்றைத் தனியே பெயரிட்டு விதி வகுத்தவர், காக்ஸ் டவுன் அமைந்த இதே கன்னட நாட்டை ஆண்ட ராஷ்டிரகூடச் சக்கரவர்த்தி அமோகவர்ஷ நிருபதுங்கனின் காலத்தவரான ஜைன ஆசாரியர் மகாவீரர். கி.பி. 850ஐ ஒட்டி அவர் இயற்றிய கணிதஸாரஸங்கிரகத்தில் இதற்கு 'நிருத்தம்' என்று பெயர். பகுதி எண்களைப் பொதுக் காரணிகளால் வகுத்து, அக்காரணிகளையும் வகுத்து வந்த ஈவுகளையும் ஒருங்கே பெருக்கக் கிடைப்பது நிருத்தம் என்பது அவர் விதியின் கருத்து.

அவ்விதியை நம் கீழ்வாய் இலக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மும்மாகாணியையும் மும்மாவையும் கூட்டவேண்டும். அதாவது பதினாறில் மூன்றையும் இருபதில் மூன்றையும். 16, 20 என்ற பகுதிகளுக்குப் பொதுக் காரணி 4. ஈவுகள் 4, 5. மூன்றையும் பெருக்க நிருத்தம் 80. முதற்பின்னம் எண்பதில் பதினைந்து; இரண்டாவது எண்பதில் பன்னிரண்டு; கூடுதல் எண்பதில் இருபத்தேழு. இதனைத் தமிழில் கால், மாகாணி, அரைமா என்று மூன்று சொல்லில் எழுதிவிடலாம். மகாவீர ஆசாரியரின் ஸம்ஸ்கிருதச் சூத்திரமும் ஆர்க்காட்டுத் திண்ணைப் பிள்ளையின் மனப்பாடமும் ஒரே இடத்தில் வந்து முடிகின்றன.

மகாவீரரின் நூல் 11ஆம் நூற்றாண்டிலேயே பாவுலூரி மல்லனரால் தெலுங்காக்கப்பட்டது. தற்காலத்தார் கைக்கு அதனை முழுமையாய்க் கொண்டுவந்தவர் சென்னை மாகாணக் கல்லூரியின் ஸம்ஸ்கிருதப் பேராசிரியராயிருந்த ம. ரங்காசாரியார், மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் 1912இல் சென்னை அரசாங்க அச்சுக்கூடத்தில் வெளியாயின. அதே ஆண்டு மார்ச்சு முதல் தேதி, அதே சென்னையில், துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக வேலையில் அமர்ந்தார் ஸ்ரீநிவாஸ ராமாநுஜன். மூன்றாண்டுக்குப் பின் லண்டனில் அவர் வெளியிட்ட பெரிய ஆராய்ச்சி, தன்னிற் சிறிய எந்த எண்ணைக் காட்டிலும் மிகுதியான வகுத்திகளைக் கொண்ட எண்களைப் பற்றியது. அத்தகைய எண்ணைப் பகா எண்களாகப் பகுத்தால் இரண்டின் அடுக்கு மிகுதியாகவும், மூன்று, ஐந்து என மேலே போகப் போக அடுக்குகள் ஏறாமலும் அமையும் என்று அவர் காட்டினார். அவ்வரிசையில் 240 உண்டு. அது நான்கு இரண்டுகள், ஒரு மூன்று, ஓர் ஐந்து. அதற்கு 20 வகுத்திகள். அன்று இங்கிலாந்தின் பவுனும் 240 பென்ஸாகவே இருந்தது. மூன்றும் ஐந்தும் ஒருங்கே அமைந்த அந்த எண், பங்கிடும் சக்தியில் நம் 320ஐயும் 192ஐயும் விஞ்சியது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எனினும் தமிழ்க் கணக்கர் மூன்றையும் ஏழையும் அறியாதவர் என்று எண்ணிவிடலாகாது. முந்திரிக்குக் கீழே, முந்திரியின் முந்திரியாகிய கீழ்முந்திரி ஒன்று. அது 1,02,400இல் ஒன்று. அதன் கீழே 21 இம்மி ஒரு கீழ்முந்திரி, 11 மும்மி ஓர் இம்மி, 7 அணு ஒரு மும்மி, 9 குணம் ஓர் அணு, 5 பந்தம் ஒரு குணம், 6 பாகம் ஒரு பந்தம், 7 விந்தம் ஒரு பாகம், 17 நாகவிந்தம் ஒரு விந்தம், 14 சிந்தை ஒரு நாகவிந்தம் என்று ஏணி இறங்கிச் செல்கிறது. மேலே இரண்டும் ஐந்துமே ஆண்ட கணக்கில், கீழே போகப் போக மூன்றும் ஏழும் பதினொன்றும் பதினேழும் நுழைகின்றன. 17 வரையுள்ள பகா எண்களுள் 13 ஒன்றுதான் விடுபட்டிருக்கிறது. மேலே சொன்ன பின்னங்களால் தீராத எந்தப் பங்கீட்டையும் தீர்க்கும்பொருட்டு, இல்லாத பகா எண்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன். அத்தனை நுண்ணிய கூறு எந்தக் கடைக்கும் வேண்டியதில்லை. ஆயினும் மீதம் என்பதே எஞ்சாத ஓர் எண்ணை நாடிய மனத்தை அந்த ஏணி காட்டுகிறது.

மூன்றாவது கணக்கு 1957 ஏப்ரல் முதல் தேதி வந்தது. ரூபாய் 100 நயா பைசாவாயிற்று. நூறு என்பது இரண்டு இரண்டுகளும் இரண்டு ஐந்துகளும்; அதற்கு வகுத்திகள் ஒன்பதே. மூன்று போயிற்று, இரண்டின் ஆறு அடுக்குகளில் நான்கு போயின. ரூபாயின் 64 காலணாவுக்கும் 100 பைசாவுக்கும் மீப்பெரு பொதுக் காரணி 4 ஆதலின், பழைய நாணயமும் புதிய நாணயமும் மாசறச் சந்திக்கும் இடம் நாலணா ஒன்றே. அது 25 பைசா. இடைப்பட்டவை எல்லாம் தோராயம். அரசாங்கம் வெளியிட்ட மாற்று அட்டவணையில் ஓரணாவுக்கு 6 பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணாச் சாமானை மூன்று தடவையில் வாங்கினவன் 18 பைசா கொடுத்தான். ஒரே தடவையில் வாங்கினவன் 19 கொடுத்தான். இதில் கடைக்காரனின் பேராசையும் இல்லை, வாங்குவோனின் சூதும் இல்லை. நூறில் இரண்டு இரண்டுகளே இருப்பதன் விளைவு இது. முந்திரிக் கணக்குக்கும் நூறுக்கும் பொதுக் காரணி 20 ஆதலால், ஒருமா என்பது சரியாக ஐந்து பைசாவாக நின்றது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஆனால் அதைக் கண்டு மகிழ அந்நாளில் முந்திரி எழுதுவோர் மிகச் சிலரே மிஞ்சியிருந்தனர். அடுத்த ஆண்டு அக்டோபரில் கிலோகிராம் எடைகள் புகத் தொடங்கின. சேரும் வீசையும் பலமும் சில ஆண்டுகளில் தராசை விட்டு இறங்கின.

தசாம்ச முறையை நான் குறைகூற வரவில்லை. தேசம் முழுவதற்கும் ஒரே அளவு வேண்டும். புள்ளி வைத்து எழுதும் சௌகரியம் பெரிது. வங்காளத்து மணங்கும் சென்னை மணங்கும் மைசூர்ச் சேரும் என்று பேதப்பட்டுக் கிடந்த வியாபாரத்தை ஒன்றாக்கியது அம்முறையே. ஆனால் அதற்காக நாம் கொடுத்த விலை என்ன என்பதைப் பிள்ளைகள் அறியவேண்டும். மூவர்க்கு ஒரு ரூபாயைச் சரியாய்ப் பங்கிடும் ஆற்றலை நாம் 1957இல் விட்டுக்கொடுத்தோம்.

ஓர் எண்ணைப் பகா எண்களாகப் பகுக்கும் வழி ஒன்றே ஒன்றுதான். எப்படித் தொடங்கினாலும் 320இல் ஆறு இரண்டுகளும் ஓர் ஐந்துமே கிடைக்கும். இதனை ஜெர்மானியக் கணித மேதை கௌஸ் 1801இல் ஐயமறத் தெளிவுபடுத்தினார். அந்த உறுதியினால்தான் இரண்டு கணக்கர் தனித்தனியே உட்கார்ந்து கணக்கிட்டாலும் ஒரே பொது மடங்கை அடைகின்றனர். இப்பேருண்மை இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கு ஏணிப்படி வகுத்தலாக, எங்கிருந்தோ வந்த ஒரு யந்திர வித்தையைப்போலக் கற்பிக்கப்படுகிறது. 12ஐயும் 18ஐயும் எழுதி விடை கண்டு, எதற்கு என்று அறியாமலே அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறார்கள். ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் தொடங்கிய தர்மத்தின் கல்விச்சாலைகள் முதலாகத் தண்டிலும் அதன் டவுன்களிலும் எத்தனையோ பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. அங்கே கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களை நான் வேண்டிக்கொள்வது இது: அடுத்த முறை இப்பாடம் வரும்போது கரும்பலகையில் 192 என்றும் 320 என்றும் எழுதுங்கள், அவை எந்தக் கடையில், யார் கையில் இருந்த எண்கள் என்று சொல்லுங்கள், பிறகு பிள்ளைகளைப் பகுக்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டனார் இருந்தால் காலணா எத்தனை பை என்று அவரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள்.